பதினொரு மணிக்கு நிற்கும் பெட்டி

நடந்தவை, வரிசையாக:

1. எங்கள் கிள்ளான் கிளையில் இருக்கும் நெட்வொர்க் பெட்டி ஒன்று, வேலை நாட்களில், காலை பதினொரு மணியை ஒட்டி அணைந்துபோகத் தொடங்கியது. எல்லா நாளும் இல்லை. வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நான்கு.
2. ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடியும் உயிர்பெற்றது.
3. கிளையிலிருந்து ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை.
4. அங்கிருக்கும் டெக்னீஷியனைத் தொலைபேசியில் கேட்டேன். கரண்ட் போயிருக்கும் என்றார். அந்த நேரங்களில் கரண்ட் போகவில்லை.
5. அவருடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிவதாக இருந்தது. அதைப் புதுப்பிப்பதா என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன்பாக, பெட்டியை அணைப்பது யார் என்று எழுதித் தரும்படி என் மேலாளர் என்னிடம் சொன்னார்.
6. நான் கிள்ளானுக்கு ரயில் ஏறும் முன்பே, எழுத வேண்டியதை மனதில் எழுதி முடித்திருந்தேன்.

நான் வேலை பார்ப்பது பிரிக்ஃபீல்ட்ஸில், சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் தலைமை அலுவலகத்தில். கீழே பூக்கடை, அதற்கு மேல் பல் டாக்டர், அதற்கும் மேல் நாங்கள். என் மேசையில் இரண்டு திரைகள். ஒன்றில் ஏழு கிளைகளின் பெட்டிகளும் ஏழு பச்சைக் கட்டங்களாகத் தெரியும். ஒரு பெட்டி நின்றால் அதன் கட்டம் சிவப்பாகும்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிளையின் கணினிகளுக்கும் வெளியே போகும் லைனுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். கிளைப் பக்கத்திலிருந்து ஒரு கேபிள் உள்ளே வரும், வெளிப் பக்கத்துக்கு ஒரு கேபிள் போகும். ஒரே கோப்பு பத்து முறை போனால், பத்து முறையும் முழுதாக அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். மெதுவான லைனும் வேகமாகத் தெரியும். இன்னொரு குணமும் அதற்கு உண்டு. மின்சாரம் நின்றால் உள்ளே ஒரு சின்ன விசை 'டக்' என்று விழுந்து, இரண்டு கேபிள்களையும் நேராக இணைத்துவிடும். பெட்டி நடுவில் இல்லாதது போல லைன் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் பெட்டி செத்தாலும் கிளையில் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

யாருக்கும் தெரியாது என்பதை நான் அப்படியே நம்பினேன். ஆனால் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே மின்பலகையில் செருகியிருக்கும் ரூட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை. நெட்வொர்க் சுவிட்சும் நிற்கவில்லை. பெட்டி மட்டும் நிற்கிறது. மறுபடி எழும்போது அதன் பதிவேட்டில், முறையாக நிறுத்தப்படவில்லை, மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று வருகிறது. அதாவது யாரோ பிளக்கைப் பிடுங்குகிறார்கள். பெட்டி இருக்கும் அறைக்குச் சாவி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர். கிளை மேலாளர் ஒருவர். அவர் எந்தக் கேபிளையும் தொட்டு நான் கேள்விப்பட்டதில்லை. இன்னொருவர் டெக்னீஷியன்.

அவர் அப்படிச் செய்யக் காரணமும் என்னிடம் தயாராக இருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் ஏழு பெட்டிகளிலும் கேபிள் செருகும் இன்டர்ஃபேஸ்களின் அமைப்புகளையும் நான் ஒரே மாதிரி ஆக்கியிருந்தேன். அதற்கு முன் ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொருவர் தமக்குத் தோன்றியபடி அமைத்து வைத்திருந்தார்கள். ஒரு கிளையில் வேகம் தானியங்கி, இன்னொன்றில் கையால் போட்டது, ஒன்றில் முகவரிக்கு விளக்கமே கிடையாது. நான் முப்பத்தொரு வரியில் ஒரு பட்டியல் தயாரித்தேன். முகவரி, நுழைவாயில், வேகம், லைனில் போகும் ஒரு தகவல் பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு, எல்லாம். ஏழு கிளைக்கும் அதையே பிரிக்ஃபீல்ட்ஸில் உட்கார்ந்தபடி போட்டேன். என் மேலாளருக்கு மிகவும் பிடித்துப்போனது. எல்லாவற்றையும் இங்கிருந்தே பார்க்க முடியும் என்றால் கிளைகளில் டெக்னீஷியன் எதற்கு என்று அடுத்த கூட்டத்தில் கேட்டார். முதலில் முடியும் ஒப்பந்தம் கிள்ளானுடையது.

ஆகவே இப்படி நினைத்தேன்: பெட்டி அடிக்கடி நின்றால், இங்கே ஒரு ஆள் தேவை என்று கம்பெனி நினைக்கும். அவருக்கு அது வசதி.

தொலைபேசியில் அவர் பேசிய விதமும் என் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது.

"அங்கிள், நேத்து பதினொன்னு பத்துக்கு பாக்ஸ் டவுன் ஆச்சு. என்னா ஆச்சு?"

"அப்படியா மா? கரண்ட் ட்ரிப் ஆயிருக்கும்."

"ரூட்டர் டவுன் ஆகலையே."

"ஓ. பழைய பில்டிங் மா. இங்க எல்லாம் அப்படித்தான் லா."

குறிப்பேட்டில், 'பொய், ஒன்று' என்று எழுதினேன். அடுத்த வாரம் கேட்டபோது பிளக் லூசாக இருக்கலாம் என்றார். 'பொய், இரண்டு.'

சொல்லாமல் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானில் இறங்கி, அங்கிருந்து வாடகைக்குக் காடி வைத்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் பண்டமாரானில் இருக்கும் எங்கள் கிடங்குக்குப் போனேன். அந்த வழியெல்லாம் கண்டெய்னர் லோரிகள். நான் வந்த காடியின் ஓட்டுநர் ஒவ்வொரு லோரியையும் முந்தும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். பத்தே முக்காலுக்குக் கேட்டில் நின்றேன். காவலாளி என் அட்டையைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எழுதியதும் ரேடியோவை எடுத்து மலாயில் உள்ளே சொன்னார்: ஹெச்.க்யூவிலிருந்து ஆள். நான் சொல்லாமல் வந்ததன் பலன் அந்த நிமிடத்தோடு போயிற்று.

சர்வர் அறை என்று நாங்கள் சொல்வது, முன்பு லேபிள் சுருள்கள் வைத்திருந்த ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு ரேக், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தண்ணீர் சொட்டும் ஏர்கோன். டெக்னீஷியன் எழுந்து நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். படிக்கும் கண்ணாடி கழுத்தில் கயிற்றில் தொங்கியது.

"வாங்க மா. சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க. சொல்லிருந்தா ஸ்டேஷன்ல வந்து ஏத்திருப்பேன் லா."

"சும்மா பாக்கலாம்னு வந்தேன் அங்கிள்."

"சும்மா யாரும் பண்டமாரானுக்கு வர மாட்டாங்க மா," என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ரேக்குக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். பெட்டியின் மின்கம்பி எந்தத் துளைக்குப் போகிறது என்று பார்த்தேன். மின்பலகையில் மூன்றாவது. மற்ற பிளக்குகளில் தூசி படிந்திருந்தது. மூன்றாவதில் தூசி இல்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

பதினொன்று ஐந்துக்குக் கதவு பாதி திறந்தது. சுங்க அறிவிப்புப் படிவங்களை அனுப்பும் கிளார்க் தலையை நீட்டினார். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"அண்ணே, பெட்டிக்கு டீ டைம் ஆச்..." என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். "ஓ. கெஸ்ட் இருக்காங்களா."

"அப்புறம் வா மா," என்றார் டெக்னீஷியன்.

"அப்புறமா? பன்னண்டுக்கு க்ளோசிங் அண்ணே."

"தெரியும். பாப்போம்."

கதவு மூடியது. பெட்டிக்கு என்ன டீ டைம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய்தான் வரும் என்று நினைத்தேன். ஒருவரல்ல, இரண்டு பேர் என்று மட்டும் எழுதிக்கொண்டேன். டெக்னீஷியன் தன் கணினியில் ஏதோ தட்டினார். எதையும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் திரை என் நாற்காலியிலிருந்து தெரிந்தது. ஒரே பக்கத்தை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பதினொன்று இருபதுக்குக் கிளார்க் மறுபடி வந்தார். இந்தத் தடவை கதவை முழுதாகத் திறந்தார்.

"சுத்திக்கிட்டே இருக்கு அண்ணே. முப்பத்தெட்டு கண்டெய்னர்."

"திருப்பிப் போட்டுப் பாரு."

"மூணு தடவ போட்டாச்சு. நாலாவது தடவ போட்டா மட்டும் மனசு எறங்கிருமா அது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஹெச்.க்யூவா?"

"ஆமாக்கா."

"அங்க எல்லாம் பச்சையா இருக்கும் இல்ல? எங்களுக்கு எப்ப போன் பண்ணினாலும் அதான் சொல்வாங்க. பச்சையா இருக்கு, பச்சையா இருக்குன்னு. செடி வளக்குறீங்களா அங்க?"

"ஏ, போ மா," என்றார் டெக்னீஷியன்.

என் திரையைப் பார்த்தேன். கிள்ளான் பச்சையாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கப்பலின் கணக்கு மூடும். அதற்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் முப்பத்தெட்டு கண்டெய்னரும் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். இது எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். கூடத்திலிருந்து கிளார்க்கின் குரல் கேட்டது. யாரிடமோ மலாயில் இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நடுவில், ஐயோ என்பது போல, ஒரு 'அலாமாக்'.

டெக்னீஷியன் எழுந்தார். உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார்.

"மா, நீங்க போய் ஒரு தே ஓ குடிச்சிட்டு வரீங்களா? கேன்டீன் பக்கத்துலதான்."

"வேண்டாம் அங்கிள்."

"வேண்டாமா."

"வேண்டாம்."

"வெளிய நல்ல வடை கூட கெடைக்கும்."

"பசியில்ல அங்கிள்."

அவர் தலையாட்டினார். கூடத்தில் கிளார்க், யாரையும் குறிப்பிடாமல், "போச்சு, போச்சு, இன்னைக்கு என் தலைதான்," என்றார். பதினொன்று நாற்பத்தாறு. டெக்னீஷியன் எழுந்து ரேக்குக்குப் போனார். குனிந்தார்.

"சரி, பாத்துக்கோங்க," என்று சொல்லி மூன்றாவது பிளக்கைப் பிடுங்கினார்.

அந்த 'டக்' சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் காதால் கேட்டேன். பெட்டியின் விளக்குகள் போயின. என் திரையில் கிள்ளான் சிவப்பானது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கூடத்திலிருந்து கிளார்க் கத்தினார்:

"போயிருச்சு! அண்ணே, போயிருச்சு! முப்பத்தெட்டும் போயிருச்சு!"

டெக்னீஷியன் பிளக்கைத் திரும்பச் செருகினார். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களைத் தடவிக்கொண்டார்.

"எழுதிக்கோங்க மா. பதினொன்னு நாப்பத்தாறு."

எழுதினேன். அப்போதும் எழுதத்தான் செய்தேன்.

பிறகு கேட்டேன். "எப்பருந்து அங்கிள்?"

"நீங்க அந்த வேல செஞ்சதுக்கு அப்புறம்."

"எந்த வேல?"

"ஏழு பெட்டியையும் ஒரே மாதிரி ஆக்கினீங்கல்ல. அடுத்த திங்கக்கெழமைலேருந்து சின்ன ஃபார்ம் போவும், பெருசு போவாது. பத்து கண்டெய்னர்னா ஓக்கே. முப்பது, நாப்பதுன்னா சுத்திக்கிட்டே நிக்கும். பெட்டிய ஆஃப் பண்ணா போயிரும்."

நான் நம்பவில்லை. என் பட்டியலில் தவறு இருந்திருந்தால் மற்ற ஆறு கிளைகளும் கத்தியிருக்கும்.

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேனே மா."

தன் கணினியை என் பக்கம் திருப்பினார். எங்கள் புகார்ப் பலகையில் அவர் போட்ட டிக்கெட். மலாயும் ஆங்கிலமுமாக மூன்று வரி: பெரிய படிவம் தொங்கிவிடுகிறது, சின்னது போகிறது, தயவுசெய்து பார்க்கவும். அதன் கீழே பதில்: 'சோதித்தோம். இணைப்பு சரியாக உள்ளது. பயனர் மீண்டும் முயலவும். மூடப்பட்டது.' மூடியவர் இடத்தில் இருந்தது என் பெயர்.

எனக்கு அது நினைவுக்கு வந்தது, மங்கலாக. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிச்சமிருந்த டிக்கெட்டுகளை வரிசையாக மூடிக்கொண்டிருந்தேன். கிள்ளானுக்கு ஒரு சின்னச் சோதனைப் பொட்டலம் அனுப்பினேன். போய்த் திரும்பி வந்தது. மூடினேன். பெரியது போகவில்லை என்று எழுதியவருக்கு, சின்னது போகிறது என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

"இன்னொரு தடவ போட்டிருக்கலாமே அங்கிள்."

"போட்டா? மறுபடியும் நல்லாருக்குன்னுதான் எழுதுவீங்க. ரெண்டு தடவ கம்ப்ளேன் பண்ண ஆளுன்னு என் பேரு மேல போவும். கான்ட்ராக்ட் முடியற நேரத்துல எனக்கு எதுக்கு மா அது?"

"போன்ல கேட்டப்ப பொய் சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்." கொஞ்சமும் குரலை இறக்காமல் சொன்னார். "உங்களுக்கு முன்னாடி இருந்த எஞ்சினியர், இந்தப் பெட்டியத் தொட்டா வேல போயிரும்னு சொல்லிட்டுப் போனாரு. தொட்டேன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? தொடாட்டி கப்பல் போயிரும். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

நான் மடிக்கணினியில் சோதனையைத் தொடங்கினேன். பெட்டிக்குள் நுழைந்து, அதன் சொந்த முகவரியிலிருந்து, உடைக்கக் கூடாது என்று குறித்து, வெவ்வேறு அளவில் பொட்டலங்களை அனுப்பினேன். ஆயிரம் பைட் போனது. ஆயிரத்து நானூறு போனது. ஆயிரத்து ஐந்நூறு போகவில்லை, போகவில்லை என்ற செய்தியும் திரும்பவில்லை. வெறும் மௌனம். கிள்ளான் லைன் மட்டும் வேறு கம்பெனியுடையது. அது ஒரு சுரங்கத்துக்குள் சுரங்கம் வைத்துப் போகும் வகை. உள்ளே இடம் குறைவு. ஆயிரத்து நானூறுக்கு மேல் எதுவும் நுழையாது. கிளைக் கணினிகள் பெரிதாக அனுப்பாதபடி ரூட்டரில் ஒரு விதி இருந்தது. ஆனால் அந்த விதி கணினிகளின் முகவரிகளுக்கு மட்டும் எழுதப்பட்டது. பெட்டி தன் சொந்த முகவரியில் பேசும்போது விதி அதைப் பிடிக்காது. பெட்டி அணைந்தால் கணினிகளே நேராகப் பேசும், விதி பிடிக்கும், படிவம் போகும்.

மாற்றுவதற்கு முன் எல்லாப் பெட்டிகளின் பழைய அமைப்பையும் நான் நகல் எடுத்து வைத்திருந்தேன். கிள்ளான் கோப்பைத் திறந்தேன். வெளிப் பக்க இன்டர்ஃபேஸின் பொட்டல அளவு: 1400. மற்ற ஆறு கிளைகளிலும் 1500. அன்று அதைப் பார்த்தபோது, யாரோ தப்பாகத் தட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துத் திருத்தினேன். என் பட்டியலில் பத்தொன்பதாவது வரி.

அளவை 1400 என்று மாற்றிச் சேமித்தேன். ஒரு நிமிட வேலை. சாயங்காலக் கப்பலுக்கு நாற்பத்தொரு கண்டெய்னர் படிவம் ஒன்று இருந்தது. கிளார்க்கை அனுப்பச் சொன்னேன். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே போனது.

"இவ்வளவுதானா?" என்றார் கிளார்க். "ஒரு நம்பரா?"

"ஒரு நம்பர்தான்கா."

"இதுக்கா எங்க அண்ணன் இத்தன நாளா குனிஞ்சு குனிஞ்சு முதுகு ஒடிஞ்சாரு?"

அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. டெக்னீஷியனைப் பார்த்துச் சிரித்தார்.

இத்தோடு என் சந்தேகம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் பிளக்கைப் பிடுங்கியது இதற்காகத்தானா என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. எப்போதெல்லாம் அணைத்தீர்கள், நினைவிருக்கிறதா என்று கேட்டேன். மேசை இழுப்பிலிருந்து பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நாள், நேரம், எந்தக் கப்பல், எத்தனை கண்டெய்னர். கோடு போட்டு, எண் போட்டு எழுதியிருந்தார். கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"இதெல்லாம் ஏன் எழுதி வச்சீங்க?"

"ஒரு நாள் யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு தெரியும் மா."

அவரும் என்னைச் சந்தேகித்தே எழுதியிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு இரண்டு புத்தகம் வைத்திருந்தோம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். அன்றைய பதினொன்று நாற்பத்தாறை விட்டுவிட்டால் அவருடையது இருபத்திரண்டு. என் திரையில் இருந்த பதிவேட்டில் இருபத்து மூன்று. இருபத்திரண்டும் நிமிடக் கணக்கில் பொருந்தின. மிச்சமிருந்த ஒன்று, அதுவரை நான் கவனிக்காதது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. நாற்பது நிமிடம் அணைந்திருந்தது. அன்றும் ரூட்டர் நிற்கவில்லை.

"இது யாரு அங்கிள்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் திரையைக் கிட்டத்தில் பார்த்தார். "ஞாயித்துக்கெழம நான் எதுக்கு மா வரேன்? வீட்டுல இருந்திருப்பேன்."

"சாவி உங்ககிட்ட இருக்கு."

"மேனேஜர்கிட்டயும்தான் இருக்கு."

"அப்ப அவரா?"

"நான் அப்படிச் சொல்லல மா." நோட்டுப் புத்தகத்தை வாங்கி மூடினார். "எனக்குத் தெரிஞ்சத எழுதிருக்கேன். தெரியாததுக்கு நான் எப்படி எழுதறது?"

காவலாளியின் புத்தகத்தைப் பார்த்தேன். ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கையெழுத்துப் போடுவதில்லை. கிளை மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'ஞாயிற்றுக்கிழமைகளில் கிளை மூடியிருக்கும்' என்று ஒரு வரி பதில் வந்தது. நான் கேட்டது அதுவல்ல.

அறிக்கையை மறுநாள் எழுதினேன். காரணம்: பொட்டல அளவை நான் மாற்றியது. தாமதத்துக்குக் காரணம்: டிக்கெட்டை நான் சரியாகப் பார்க்காமல் மூடியது. இருபத்திரண்டு முறை பெட்டியை அணைத்தது கப்பல் நேரத்துக்குள் படிவம் போய்ச் சேருவதற்காக, ஆதாரம் இணைப்பில். இதுவரை எழுதுவது கடினமாக இருக்கவில்லை. என் தவற்றை எண் போட்டு எழுதினால் எனக்கு வலிப்பதில்லை.

இருபத்து மூன்றாவதில் நின்றேன். அதை விட்டுவிடலாம். படிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூட்டத்தில் யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் பதிவேட்டில் இருபத்து மூன்று இருக்கிறது. நான் இருபத்திரண்டு என்று எழுதினால், பின்னால் யாராவது பார்த்து, எதை மறைத்தேன் என்று கேட்பார்கள். கடைசியில் எழுதினேன்: 'ஒரு முறை, ஞாயிறு, காரணம் தெரியவில்லை. அறையின் சாவி இருவரிடம் உள்ளது.' நேர்மைக்காகத்தான் எழுதினேன் என்று அப்போது நினைத்தேன். முழுப் பழியும் என் மேல் மட்டும் விழாமல் இருக்கட்டும் என்று ஒரு மூலையில் நினைத்தேனோ என்றும் பிறகு யோசித்தேன். இதற்கு என்னிடம் பதிவேடு இல்லை.

என் மேலாளர் அறிக்கையை வாசித்தார். என் தவறுகள் இருந்த பக்கத்தைச் சீக்கிரம் கடந்தார். பட்டியலைத் திருத்திவிட்டாயா என்றார். திருத்திவிட்டேன் என்றேன். நல்லது என்றார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியாத ஒன்று இருக்கும்போது இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது என்றார். மற்ற இருபத்திரண்டும் கம்பெனிக்காகச் செய்தது என்று சொன்னேன். அதை வாசித்தேன் என்றார்.

மூன்று மாதம் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். அறைக் கதவுக்கு, திறப்பவர் யார் என்று பதியும் பூட்டுப் போட்டார்கள்.

அடுத்த வாரம் வேறொரு விஷயமாகக் கிள்ளானுக்கு அழைத்தேன். கிளார்க் எடுத்தார்.

"அண்ணன் இருக்காரா அக்கா?"

"இருக்காரு. கதவுக்கிட்ட நின்னு விரல வச்சுக்கிட்டிருக்காரு. பூட்டு அவர யாருன்னு கேக்குது. பதினேழு வருசமா இங்கதான் இருக்காரு, பூட்டுக்குத் தெரியல."

"நான் அவருக்கு எதிரா எதுவும் எழுதலக்கா."

"தெரியும் லா. ரிப்போர்ட் இங்கயும் வந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருக்க. எல்லாத்தையும் எழுதிட்டு, ஒரு வரி கூடுதலா எழுதிட்ட."

பிறகு டெக்னீஷியன் வந்து பேசினார். கேட்டதற்குப் பதில் சொன்னார், வேண்டிய எண்களை வாசித்தார், சரியாக இருந்தன. "வேற ஏதும் இருக்கா மேடம்?" என்றார். அதுவரை என்னை அவர் மேடம் என்று அழைத்ததில்லை. இல்லை என்றேன்.

இப்போதைய நிலை இது. கிள்ளான் பெட்டியின் பொட்டல அளவு 1400. மாற்றிய பிறகு அது ஒருமுறையும் அணையவில்லை. ரூட்டரின் விதியில் பெட்டியின் முகவரியையும் சேர்த்துவிட்டேன். பெரிய படிவங்கள் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்தது யார் என்று எனக்குத் தெரியாது. அவராக இருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மூன்று மாதத்தில் இரண்டு முடிந்துவிட்டன. புதுப்பிக்கும் படிவத்தில் தொழில்நுட்பப் பரிந்துரை என்ற கட்டத்தில், தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிள்ளானுக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்கு அடுத்த கட்டம் கிளை மேலாளருடையது. அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.